அவிழ்ப்பும் ஊக்கமும்: வினையூக்கி என்னும் சொல்லின் வரலாறு

கலைச்சொற்களுள் பெரும்பாலானவை பொருளை அறிந்த பின்னர் இடப்பட்ட பெயர்கள். மிகச் சிலவே, இன்னதென்று அறியாத நிலையில், அறியும்வரை வழங்கட்டும் என்று இடப்பட்டவை. வேதியியலில் ‘கேட்டலிசிஸ்’ என்று வழங்கும் சொல் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. தமிழில் அது வினையூக்கம், வினைவேக மாற்றம், ஊக்கல் எனப் பலவாறு வழங்குகின்றது. அதனைச் செய்யும் பொருளைத் தமிழகத்து நூல்கள் வினையூக்கி என்றும் வினைவேக மாற்றி என்றும் குறிக்கின்றன; இலங்கைத் தமிழ் நூல்கள் சுருக்கமாக ஊக்கி என்கின்றன. செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் ‘கிரியா ஊக்கி’ என்னும் கலப்புத்தொடர் இன்றும் உயிரோடிருக்கின்றது. இத்தமிழ்ச் சொற்கள் அனைத்தும் விரைவையோ தூண்டுதலையோ சுட்டுகின்றன. மூலச்சொல்லோ இவ்விரண்டையும் சுட்டவில்லை. அது சுட்டுவது அவிழ்ப்பினை. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதும், அவிழ்ப்பு என்ற பழைய பொருள் பின்னாளில் எவ்வாறு மெய்யாயிற்று என்பதும் சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோர் அறியத்தக்கன.

முதற்கண் பொருளைத் தெளிதல் நன்று. ஒரு கண்ணாடிக் குடுவையில் ஹைட்ரஜன் வளியையும் ஆக்சிஜன் வளியையும் கலந்து வைத்தால், தீப்பொறி படாதவரை, அவை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். இணைந்தால் நீராகும் இயல்பு இரண்டிற்கும் உண்டு, ஆயினும் இணைவதில்லை. அக்குடுவையுள் நுண்துகளாக்கிய பிளாட்டினத்தில் ஒரு சிட்டிகை இட்டால், இணைவு உடனே தொடங்கிவிடும். முடிவில் பிளாட்டினத்தை எடுத்து நிறுத்தால் இட்ட எடையே இருக்கும். தான் செலவாகாமல் பிறவற்றின் வினையை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி என்று பள்ளி நூல்கள் கூறுவது இதனைத்தான்.

‘கேட்டலிசிஸ்’ என்பது கிரேக்கச் சொல். ‘கதா’ என்பது கீழ்நோக்கிய இயக்கத்தையோ முழுமையையோ குறிக்கும் முன்னொட்டு. ‘லூஎய்ன்’ என்பது அவிழ்த்தல், தளர்த்துதல், விடுவித்தல் என்னும் பொருளுடைய வினை. இரண்டும் கூடிய சொல், முற்றாக அவிழ்த்துவிடுதல் அல்லது கலைத்துவிடுதல் எனப் பொருள்படும். பண்டைய ஏதென்ஸ் நகரச் சட்டத்தில் மக்களாட்சியைக் கலைத்தல் என்னும் பெருங்குற்றத்தைக் குறிக்க வழங்கியது இச்சொல்லே. இதே வினையடி வழிச்செல்வோர் வாழ்விலும் வழங்கியது. நெடுந்தொலைவு வந்தவர் வண்டி விலங்குகளின் நுகத்தை அவிழ்த்துவிட்டுத் தங்கும் இடம் ‘கதாலூமா’ எனப்பட்டது. லூக்கா எழுதிய நற்செய்தியில், இயேசு பிறந்த இரவில் இடமில்லை என்று கூறப்படும் விடுதிக்கு மூலத்தில் உள்ள சொல் இதுவே. ஆட்சியைக் கவிழ்த்தலும் வழியில் இளைப்பாறுதலும் ஒரே வேரில் கிளைத்தவை. செருமானிய வேதியியலார் லிபாவியஸ் 1597ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆல்கெமியா’ என்னும் நூலில் இச்சொல்லைச் சிதைத்தல், கூறாக்குதல் என்னும் பொருளில் எடுத்தாண்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வேதியியலில் அச்சொல்லுக்கு வேலையில்லை.

சொல் உறங்கிக் கிடந்த அக்காலத்தில் நிகழ்ச்சி மட்டும் பலர் கண்ணில் பட்டது. அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் எலிசபெத் ஃபுல்ஹாம் என்னும் பெண்மணி. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற தாமஸ் ஃபுல்ஹாமின் மனைவி என்பதைத் தவிர அவர் வாழ்க்கை பற்றிய பதிவு அரிது. பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும்கூட எவ்வேட்டிலும் இல்லை. 1794ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் வெளியிட்ட எரிதல் பற்றிய ஆய்வுரை ஒன்றே அவருடைய நினைவுச் சின்னம். அந்நூலின் தோற்றம் ஒரு துணியில் தொடங்குகின்றது. பொன்னாலும் வெள்ளியாலும் துணிக்குச் சாயமேற்ற இயலுமா என்ற எண்ணம் 1780இல் அவருக்கு எழுந்தது. கணவரும் நண்பர்களும் அது நடவாது என்றனர். அவர் பதினான்கு ஆண்டுகள் விடாது முயன்றார். பொன் உப்பின் கரைசலில் தோய்த்து உலர்த்திய பட்டுத்துணியின்மேல் ஹைட்ரஜன் வளியைச் செலுத்தியபோது ஒன்றும் நிகழவில்லை. அதே துணியை நீரால் நனைத்துவிட்டுச் செலுத்தியபோது துணியின்மேல் பொன் படிந்தது.

உலர்ந்த துணிக்கும் நனைந்த துணிக்கும் இடையே உள்ள இச்சிறு வேறுபாட்டைத் தற்செயல் என்று அவர் தள்ளிவிடவில்லை. நீர் அவ்வினையில் பங்கு கொள்கின்றது. வினையின் ஊடே சிதைகின்றது. வினை முடிவில் சிதைந்த அளவே மீண்டும் உண்டாகின்றது என்று முடிவு கட்டினார். இடையில் நுழைந்து, செலவாகி, மீண்டும் முழுமையாக வெளிவரும் ஒரு பொருள் என்னும் கருத்து அந்நூலில்தான் முதன்முதல் தெளிவாக எழுதப்பட்டது. எல்லா எரிதலுக்கும் நீரே காரணம் என்று அவர் பொதுமைப்படுத்தியது மிகை. ஆயினும் அவர் கண்ட வழி பிழையன்று. 1880இல் ஆங்கில வேதியியலார் டிக்சன், நன்கு உலர்த்திய கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் தீப்பொறி பட்டாலும் வெடிப்பதில்லை என்றும், சிறிது நீராவி சேர்ந்தால் வெடிக்கின்றன என்றும் காட்டினார். பெண்கள் அறிவியல் பேசினால் சிலர் முகம் சுளிப்பர் என்பதை ஃபுல்ஹாம் தம் முன்னுரையிலேயே எதிர்கொண்டு எழுதியிருக்கின்றார். அந்நூல் 1798இல் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டது. 1810இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மீண்டும் அச்சாயிற்று. பின்னர் மறக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டில் மெல்லர் என்பார் எழுதிய கட்டுரையே அவர் பெயரை வினையூக்க வரலாற்றோடு மீண்டும் இணைத்தது.

அடுத்த முப்பதாண்டுகளின் செய்திகளை விரைந்து கூறலாம். ருசியத் தலைநகராயிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்காஃப் 1811ஆம் ஆண்டளவில் மாவினை நீர்த்த கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சர்க்கரை எடுத்தார். அமிலம் அளவில் குறையவில்லை. 1817இல் ஹம்ஃப்ரி டேவி, சூடாக்கிய பிளாட்டினக் கம்பி எரிவளியும் காற்றும் கலந்த கலவையில் சுடர் இன்றியே கனன்றுகொண்டிருப்பதைக் கண்டார். 1818இல் பிரெஞ்சு வேதியியலார் தெனார், தாம் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நீர்மம் வெள்ளி, பொன், பிளாட்டினம் ஆகியவற்றின் தூள் பட்டவுடன் பொங்கிச் சிதைவதையும், அத்தூள்கள் மாறாதிருப்பதையும் எழுதினார். ஒவ்வொருவரும் தாம் கண்டது ஒரு தனி வியப்பு என்றே கருதினர்.

இவ்வரிசையில் சற்று நின்று நோக்கத்தக்கவர் டோபரைனர். வண்டியோட்டி ஒருவரின் மகனாகப் பிறந்து, முறையான கல்வி பெரிதும் இன்றி, மருந்துக்கடைப் பயிற்சியால் வேதியியல் கற்றவர். 1810இல் அவர் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அப்பல்கலைக்கழகத்தை மேற்பார்த்த அமைச்சர் கவிஞர் கதே. இருவர்க்கும் நெடுநாள் நட்பு இருந்தது. 1823ஆம் ஆண்டுக் கோடையில் டோபரைனர், கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் வளியை மெல்லிய தாரையாகப் பாய்ச்சினார். பிளாட்டினம் சிவந்து, வெண்மையாய்க் கனன்று, வளி தீப்பற்றியது. நெருப்பு எதனையும் அவர் அருகில் கொண்டுசெல்லவில்லை. தீக்குச்சி கடைக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது.

சில நாள்களுள் இதனை அவர் ஒரு விளக்கேற்றியாக அமைத்தார். கண்ணாடிக் குடுவையில் நீர்த்த கந்தக அமிலம். அதனுள் தொங்கும் துத்தநாகத் துண்டு. மேலே ஒரு திருகு. திருகின் வாய்க்கு எதிரே சிறிது பிளாட்டினப் பஞ்சு. திருகைத் திறந்தால் வளி பாயும்; பஞ்சு கனலும்; சுடர் எழும். ஐரோப்பிய வீடுகளில் அது நெடுங்காலம் மேசையணியாக இருந்தது. கதேயும் அதில் ஒன்றைப் பெற்று நன்றி தெரிவித்து எழுதினார். டோபரைனர் காப்புரிமை கோரவில்லை. பணத்தைவிட அறிவியலையே நேசிப்பதாகக் கூறிவிட்டார்.

கதேயின் பெயர் இவ்வரலாற்றுக்கு வேறொரு வகையிலும் உரியது. சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்க்மன் 1775இல், ஒரு பொருள் தன் துணையை விட்டுப் பிறிதொன்றைத் தேர்ந்து சேரும் இயல்புக்கு இலத்தீனில் ஒரு பெயரிட்டார். அது செருமானியத்தில் ‘தேர்ந்துகொள்ளும் உறவு’ எனப் பொருள்படும் சொல்லாக வந்தது. 1809இல் கதே அதனையே தம் புதினத்திற்குத் தலைப்பாக்கினார். மணவாழ்வில் இணைந்த இருவரிடையே வேறிருவர் வந்து சேர, உறவுகள் இடம் மாறும் கதை அது. வேதியியலார் ஒரு பொருளுக்கு மற்றொன்றின்பால் உள்ள ஈர்ப்பைச் செருமானியத்தில் உறவு என்றே வழங்கினர். தமிழில் அதனை நாட்டம் என்பர். நாட்டம் இருந்தும் ஏன் இணைவதில்லை என்பதே பிளாட்டினம் எழுப்பிய வினா.

அவ்வினாவிற்குப் பெயர் சூட்டியவர் பெர்சீலியஸ். சுவீடன் அறிவியற் கழகத்தின் செயலர். தனிமங்களுக்கு இன்று வழங்கும் எழுத்துக் குறியீடுகளைத் தந்தவர். ‘ஐசோமர்’, ‘பாலிமர்’ ஆகிய சொற்களைப் படைத்தவர். ‘புரோட்டீன்’ என்னும் பெயரை முன்மொழிந்தவர். வேதியியலாருள் அவரளவு சொல்லாக்கத்தில் கைதேர்ந்தவர் அரியர். ஆண்டுதோறும் உலகில் நடந்த வேதியியல் ஆய்வுகளை மதிப்பிட்டு அக்கழகத்திற்கு அறிக்கை அளித்து வந்தார். 1835ஆம் ஆண்டு அறிக்கையில் கிர்க்காஃபின் மாவு, தெனாரின் நீர்மம், டேவியின் கம்பி, டோபரைனரின் பஞ்சு, ஆல்ககாலை ஈதராக்கும் அமிலம் பற்றி அண்மையில் எழுதிய மிட்ஷெர்லிக்கின் ஆய்வு ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கினார். தனித்தனி வியப்புகளாகத் தோன்றியவை ஒரே இயல்பின் வெளிப்பாடுகள் என்று அவர் கண்டதே பெருஞ்செயல். அப்பட்டியலில் ஃபுல்ஹாமின் பெயர் இல்லை.

இப்பொருள்கள் தம் நாட்டத்தால் வினையில் புகுவதில்லை என்றும், வெறும் உடனிருப்பால், அந்த வெப்பநிலையில் உறங்கிக் கிடக்கும் பிற பொருள்களின் நாட்டங்களை எழுப்புகின்றன என்றும் அவர் கருதினார். இத்தகைய ஆற்றலுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பொருள்களை வழக்கமான வேதியியல் விசைகளால் பகுத்தலுக்கு ‘அனலிசிஸ்’ என்னும் பெயர் முன்பே உண்டு. அதனோடு ஒலியாலும் வேராலும் இணையாக நிற்குமாறு ‘கேட்டலிசிஸ்’ என்றார். உறக்கம் கலைத்தல் என்பது அவர் தந்த விளக்கம்; அவிழ்த்தல் என்பது அவர் தந்த பெயர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. பெயரின் வேர்ப்பொருளை அவர் ஆராய்ந்து தேர்ந்தார் என்பதைவிட, முன்னிருந்த ஒரு சொல்லுக்கு இணை தேடி எடுத்தார் என்பதே பொருத்தம். அவ்வாற்றல் இன்னதெனத் தாம் அறியவில்லை என்பதையும், வேதியியல் விசைகளுக்குப் புறம்பான ஒன்றாக அதனைத் தாம் கொள்ளவில்லை என்பதையும், தெளியும்வரை ஒரு பெயர் இருத்தல் ஆய்வுக்கு எளிது என்பதையும் அவர் அறிக்கையிலேயே மறைக்காது எழுதினார்.

லீபிக் இதனை ஏற்கவில்லை. பெர்சீலியஸின் நண்பராயிருந்தும், புதிய சொல்லால் புதிய விசை ஒன்றைப் படைத்துவிட்டால் நிகழ்ச்சி விளங்கிவிடாது என்று கடுமையாக மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மோலியேரின் 1673ஆம் ஆண்டு நாடகமொன்றில், அபின் ஏன் உறங்கச் செய்கின்றது என்ற வினாவிற்கு, அதனிடம் உறக்கந்தரும் ஆற்றல் உள்ளமையால் என்று விடை கூறிப் பட்டம் பெறும் மருத்துவ மாணவன் ஒருவன் வருவான். பெயரையே விளக்கமாகக் கொள்ளும் இடர் கலைச்சொல்லுக்கு என்றும் உண்டு. ஆயினும் லீபிக் தந்த மாற்று விளக்கம், அதாவது சிதையும் பொருளின் நடுக்கம் அடுத்த பொருளுக்கும் தொற்றுகின்றது என்பது, நாளடைவில் வழக்கொழிந்தது. பெர்சீலியஸின் பெயர் நின்றது.

விரைவு என்னும் பொருள் அச்சொல்லுள் புகுந்தது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து. 1894இல் ஓஸ்ட்வால்ட், தாம் நடத்திய இதழில் பிறர் கட்டுரை ஒன்றை மதிப்பிட்டு எழுதும்போது, அதில் கண்ட வரையறையை மறுத்துத் தம் வரையறையைத் தந்தார். மெல்ல நடந்துகொண்டிருக்கும் வினை ஒன்று, அயற்பொருள் ஒன்றன் உடனிருப்பால் விரைவுறுதலே அது என்றார். நடவாத வினையை வினையூக்கி நடத்துவதில்லை. ஆற்றல் எதனையும் அது தருவதில்லை. முடிவில் வினை எந்நிலையில் நிலைகொள்ளுமோ அந்நிலையை மாற்றுவதுமில்லை. அங்குச் சென்றடையும் காலத்தையே மாற்றுகின்றது. புத்தக மதிப்புரை போன்ற ஒரு குறிப்பில் பிறந்த இவ்வரையறையே உலகப் பாடநூல்களில் நிலைத்தது. 1909இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஓஸ்ட்வால்ட் ஏன் விரைவை மட்டும் பற்றினார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்தில் அவர் அணுக்கள் உண்மையில் உள்ளன என்பதை ஏற்காதவர். 1908ஆம் ஆண்டளவிற்றான் மனம் மாறினார். அணுவை நம்பாதவர் அணுக்களிடையே நடப்பதைப் பேசார். கடிகாரத்தால் அளக்கக் கூடியதை மட்டும் பேசினார். எனவே அவருடைய வரையறை பிழையற்றது. ஆனால் உள்ளே நடப்பதைப் பற்றி வாய் திறவாதது.

தமிழுக்கு இக்கருத்து வந்தது ஓஸ்ட்வால்ட்டுக்குப் பிந்திய பாடநூல்களின் வழியாக. 1916இல் சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவிய காலந்தொட்டு, வேதியியற் சொல்லாக்கம் அறிவியலாரும் மொழியறிஞரும் கூடிச் செய்த பணியாக இருந்து வருகின்றது. வினைவேக மாற்றி என்பது ஓஸ்ட்வால்ட்டின் வரையறையை அப்படியே தமிழாக்கிய சொல். குற்றம் காண இயலாத சொல்; வினையின் வேகத்தைக் குறைப்பனவற்றையும் அது தழுவிக்கொள்ளும். ஆனால் அது பெயர் என்பதினும் குறிப்புரை எனல் தகும். வினையூக்கி என்பது பெர்சீலியஸின் உறக்கம் கலைத்தலுக்கு நெருங்கியது. அச்சொல் பழந்தமிழில் வேரூன்றியது என்பதனாற்போலும் பொதுவழக்கில் அது வென்றது.

ஊக்குதல் என்பதற்குச் சங்க இலக்கியத்தில் ஓர் அழகிய ஆட்சி உண்டு. கலித்தொகையின் 37ஆம் பாடலில், ஊசலாடும் தலைவி தன்னை நாடிவந்த தலைவனிடம், தன்னைச் சிறிது ஆட்டிவிடுமாறு கேட்கின்றாள். ஆட்டிவிடுதலுக்குப் புலவர் ஆண்ட வினை ஊக்குதலே. ஊசல் முன்பே கட்டப்பட்டிருக்கின்றது. ஆடும் இயல்பும் அதற்கு உண்டு. வேண்டுவது ஒரு கை. வினையூக்கியை விளக்க இதனினும் இனிய உவமை கிடைப்பது அரிது என்று தோன்றும். ஆயினும் வேதியியலின்படி இவ்வுவமை ஓரிடத்தில் பொய்க்கின்றது. ஊசலைத் தள்ளுபவன் தன் கையாற்றலை அதற்குத் தருகின்றான். வினையூக்கி ஆற்றல் எதனையும் தருவதில்லை. ஒருவருக்குப் பொருளும் பாராட்டும் தந்து முன்னேற்றியவரை மேடையில் வினையூக்கி என்று புகழ்தல் தமிழ்ச்சொல்லுக்குப் பொருந்தும். அறிவியற் கருத்துக்குப் பொருந்தாது.

புறநானூற்றின் 276ஆம் பாடல் இன்னும் அணித்தாக வருகின்றது. முதிய தாய் ஒருத்தியின் மகன் தனியொருவனாய்ப் பகைப்படை முழுவதையும் நிலைகுலையச் செய்ததற்கு, குடம் நிறைந்த பாலில் ஆய்மகள் தன் நகத்தால் தெறித்த சிறிதளவு உறையை அங்குப் புலவர் உவமை கூறுகின்றார். உறையின் சிறுமையும் பாலின் பெருமையும், ஒரு துளியால் குடம் முழுதும் தன் நிலை திரிதலும் நுட்பமாகக் காணப்பட்டுள்ளன. பெர்சீலியஸும் புளித்தலை இவ்வாற்றலின் வகையாகவே கொண்டு, உயிர்களின் உடலில் இத்தகைய நிகழ்வுகள் ஆயிரக்கணக்கில் நடைபெறக்கூடும் என்று முன்னுணர்ந்து எழுதினார். புளித்தலைக் குறிக்கும் நொதித்தலினின்று நொதி என்னும் தமிழ்ச் சொல் பின்னாளில் ஆக்கப்பட்டது. இதனைக் கொண்டு வினையூக்கத்தைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர் என முழங்குதல் தகாது. உறையில் இருப்பவை பெருகி வளரும் உயிர்கள், பிளாட்டினம் பெருகுவதில்லை. புலவர் கண்டது பால் உறைதலை. கண்டதைப் பிழையின்றிக் கண்டார். அவ்வளவே.

சீனமும் சப்பானும் இதற்கு வேறு பெயர் தேடின. சப்பானியத்தில் வழங்குவதும் சீனத்தில் அறியப்படுவதுமான ஒரு சொல்லில் இரண்டு எழுத்துகள் உள்ளன. முதலெழுத்துத் தொடுதலைக் குறிக்கும். இரண்டாம் எழுத்து இடைநிற்போரைக் குறிக்கும்; திருமணம் பேசி முடிக்கும் தரகரைச் சுட்டுவதும் அவ்வெழுத்தே. தொட்டு இணைத்துவைப்பது என்னும் இப்பெயரைக் காணும் தமிழ் மாணாக்கர் நினைவில் அகப்பாடல்களின் தோழி வருதல் இயல்பு. தோழி தலைவியைத் தலைவன்பால் தள்ளுவதில்லை. நாட்டம் முன்பே அங்குண்டு. அவள் செய்வது இற்செறிப்பு, அலர், தாயின் சினம் எனக் குறுக்கே நிற்கும் தடைகளைத் தளர்த்துவது. அறத்தொடு நிற்றல் என்னும் துறை முழுவதும் இத்தளர்த்தலே. வினை தொடங்குவதற்கு ஏறிக் கடக்க வேண்டிய மேடு ஒன்று உண்டு என்றும், வினையூக்கி அம்மேட்டினைத் தாழ்த்துகின்றது என்றும் இக்கால வேதியியல் கூறும். ஊசலைத் தள்ளும் தலைவனைவிடத் தோழியே இதற்கு நெருங்கிய ஒப்பு.

வினையூக்கி கவிதைக் கொள்கையினுள் புகுந்தது 1919ஆம் ஆண்டில். டி.எஸ். எலியட் மரபும் தனித்திறனும் பற்றிய தம் கட்டுரையை ‘ஈகோயிஸ்ட்’ என்னும் இதழில் இரு பகுதிகளாக எழுதினார். முதற்பகுதியை ஒரு வேதியியல் உவமையைச் சுட்டி நிறுத்தி, அடுத்த பகுதியில் அதனை விரித்தார். ஆக்சிஜனும் கந்தக டைஆக்சைடும் நிறைந்த அறையில் ஒரு பிளாட்டின இழையை வைத்தால் அமிலம் பிறக்கின்றது. பிறந்த அமிலத்தில் பிளாட்டினத்தின் சுவடு இல்லை. பிளாட்டினமும் மாறாது, பற்றாது நிற்கின்றது. கவிஞனின் உள்ளம் அப்பிளாட்டினம் போன்றது என்பது அவர் கருத்து. வாழும் மனிதனும் படைக்கும் உள்ளமும் வேறு வேறு என்னும் அவர் கோட்பாடு இவ்வுவமையை ஊன்றுகோலாகக் கொண்டே நின்றது. தமிழ்த் திறனாய்வு வகுப்புகளிலும் இவ்வுவமை பல்லாண்டு பயிற்றப்பட்டு வருகின்றது.

அவ்வுவமையில் இரு பிழைகள் உள்ளன. முதற்பிழை சிறிது. எலியட் பெயர் சொல்லும் சல்ஃப்யூரஸ் அமிலம், கந்தக டைஆக்சைடு நீரில் கரைந்தாலே உண்டாவது. அதற்குப் பிளாட்டினம் வேண்டா. பிளாட்டினத்தால் உண்டாவது கந்தக டிரைஆக்சைடு. அது நீருடன் கூடிக் கந்தக அமிலம் ஆகும். பிரிஸ்டல் நகரத்துக் காடி வணிகர் ஃபிலிப்ஸ் 1831இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இரண்டாம் பிழை பெரிது; அது எலியட்டின் பிழை மட்டுமன்று, அக்காலப் பாடநூல்களின் பிழையுமாம். பிளாட்டினம் பற்றாது நிற்பதில்லை.

வினையூக்கி வினையில் புகுந்து, இடைநிலைச் சேர்மமாகி, மீண்டும் வெளிவருகின்றது என்று பிரெஞ்சு வேதியியலார் சபாத்தியே வலியுறுத்தினார்; 1912இல் நோபெல் பரிசு பெற்றார். உலோகத்தின் மேற்பரப்பில் வளியின் மூலக்கூறுகள் ஒற்றை அடுக்காக ஒட்டிக்கொள்ளுமாற்றை லாங்மூர் விளக்கினார்; 1932இல் அப்பரிசு அவர்க்குக் கிடைத்தது. 2007இல் அதனைப் பெற்ற எர்ட்ல், அம்மேற்பரப்பில் நிகழ்வனவற்றைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து காட்டினார். ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது பிணைந்த இரண்டு அணுக்கள். பிளாட்டினத்தைத் தொட்டவுடன் அப்பிணைப்பு அவிழ்கின்றது. இரண்டு அணுக்களும் தனித்தனியே உலோகத்தின்மேல் அமர்கின்றன. ஆக்சிஜனும் அவ்வாறே அவிழ்ந்து அமர்கின்றது. பின்னர் அவை தமக்குள் இணைந்து நீராகி அகல்கின்றன. டோபரைனரின் குடுவையில் நடந்தது இதுவே. முன்னிருந்த கட்டு அவிழாமையே இரண்டு வளிகளும் இணையாதிருந்ததற்குக் காரணம்.

ஆக, பெர்சீலியஸ் தந்த விளக்கம் திருத்தப்பட்டது. வெறும் உடனிருப்பு என்றார். அது உடனிருப்பன்று, பற்றலும் விடுதலுமாகும். லீபிக்கின் மறுப்பும் ஓஸ்ட்வால்ட்டின் விரைவும் நடந்ததன் புறத்தே நின்றன. விளக்கம் அறியாமல், ஓர் ஒலியிணைக்காக எடுத்த பெயரின் வேர்ப்பொருளோ பொருந்தி வந்தது. இடையில் நுழைந்து தானும் பங்கு கொண்டு மீளும் பொருளைப் பற்றி ஃபுல்ஹாம் எழுதியதும் பொருந்தி வந்தது. எலியட்டின் உவமையை இன்று எடுத்தாளும் கவிஞர்கள், பிளாட்டினத்தைப் பற்றற்ற துறவியாக எண்ணாமல், தன்பால் வந்த ஒவ்வோர் அணுவையும் பற்றி அவிழ்த்து விடும் பொருளாக எண்ணிப் பார்க்கலாம். அது எலியட்டின் கோட்பாட்டுக்கு உதவுமா என்பது ஐயமே.

பிளாட்டினம் மாறுவதில்லை என்பதும் எடைத்தட்டின் கூற்று மட்டுமே. ஓஸ்ட்வால்ட் 1902இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பிளாட்டின வலையின் ஊடே அம்மோனியாவும் காற்றும் செலுத்தி நைட்ரிக் அமிலம் செய்யும் ஆலைகளில், பளபளப்பாக இட்ட வலை சில மாதங்களில் சொரசொரப்பாகி, சிறிது சிறிதாக எடையும் இழக்கின்றது. கந்தக அமில ஆலைகளில் நேர்ந்தது வேறு. கந்தகக் கனிமத்தோடு கலந்து வந்த ஆர்சனிக் பிளாட்டினத்தைச் செயலறச் செய்தது. இதனை நஞ்சூட்டல் என்றே வேதியியலார் வழங்கினர். செருமானிய வேதியியலார் க்னீட்ச் 1901இல் இதனை விரிவாக வெளியிட்டார். அணுக்கள் வந்து அவிழ்ந்து தங்கிச் செல்ல வேண்டிய இடங்களில் ஆர்சனிக் அமர்ந்துவிடுகின்றது. பின்வருவனவற்றுக்கு அங்கு இடமில்லை. ஆதலின் பிளாட்டினத்தை அடையுமுன் வளிகளைப் பலமுறை கழுவித் தூய்மை செய்து அனுப்பினர்.